வேவர்லி மலை ஆஸ்பத்திரி காலியானது எப்படி?

"மாமா, பேய் வந்துச்சா?"

மதுரையிலிருந்து தொலைபேசியில் பேசிய என் தங்கை மகள், சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்னால் கேட்ட கேள்வி இது. அவளைக் குறை சொல்ல நான் விரும்பவில்லை. ஏனெனில் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரத்தின் தென்மேற்கே, மரங்கள் அடர்ந்த குன்றொன்றின் மேல் நிற்கும் வேவர்லி ஹில்ஸ் என்ற பழைய க்ஷயரோக ஆஸ்பத்திரியை இரவு வேளையில் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தேன் என்று நான் சொன்ன மாத்திரத்தில், அலுவலக நண்பர்களும், கோயிலில் சந்தித்த பெரியவர்களும், பக்கத்து வீட்டு அம்மையாரும், யாவரும் ஒரே குரலில் அதையேதான் விசாரித்தார்கள். பேய் உண்டா? நிழல் நடமாடிற்றா? கதவு தானாகச் சாத்திக்கொண்டதா?

ஒருவராவது, "அத்தனை பெரிய ஆஸ்பத்திரி ஏன் காலியாய்க் கிடக்கிறது?" என்று கேட்கவில்லை.

அந்த வருத்தந்தான் இந்த நீண்ட பதிவை எழுதச் செய்கிறது. பொறுமையாகப் படியுங்கள், இது பயங்கரக் கதையைக் காட்டிலும் சுவையானது என்பதே என் திடமான அபிப்பிராயம்.

முதலில் ஒரு விஷயம். கைவிடப்பட்ட கட்டடங்களுக்குள் வேலி தாண்டிக் குதிப்பதை நான் ஆதரிப்பவன் அல்லன். உளுத்த தரையும், இடிந்த படியும், துருவேறிய கம்பியும் பேயினும் கொடியவை. வேவர்லி ஹில்ஸைப் பொறுத்தவரையில் அந்தச் சிரமம் இல்லை. 2001-ஆம் ஆண்டு அதை விலைக்கு வாங்கிய உரிமையாளர்கள், கட்டணம் பெற்றுக்கொண்டு பகலிலும் இரவிலும் வழிகாட்டியுடன் உள்ளே அனுமதிக்கிறார்கள்; அந்தப் பணம் கட்டடத்தைப் பழுது பார்க்கப் பயன்படுகிறது. (பேய்க்கதையின் வருமானத்தால் ஒரு சரித்திரச் சின்னம் இடியாமல் நிற்கிறது என்றால், அந்த அளவில் பேய்களுக்கும் நாம் நன்றி பாராட்டத்தான் வேண்டும்.)

நான் போனது இலையுதிர் காலத்து இரவொன்றில். என்னுடன் என் நண்பரின் மகன், கல்லூரியில் வாசிக்கும் இளைஞன், வந்திருந்தான். அவன் பேயைப் பார்க்க வந்தான். நான் தாழ்வாரத்தைப் பார்க்க வந்தேன்.

என்ன தாழ்வாரம் என்கிறீர்களா? சொல்கிறேன்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்த காலத்தில், லூயிவில் நகரத்தில் க்ஷயரோகம், அதாவது காசநோய், கொடுமையாகப் பரவியிருந்தது. அந்த நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக ராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி 1882-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24-ஆம் தேதி பெர்லின் நகரத்தில் அறிவித்திருந்தாலும், அந்தக் கிருமியைக் கொல்லும் மருந்து எதுவும் உலகத்தில் எவரிடமும் இல்லை. பகைவன் யார் என்று தெரிந்துவிட்டது. அவனை அடிக்க ஆயுதம் இல்லை. இந்த விசித்திரமான நிலை அறுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது என்பதை நாம் எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருக்கிறோம்?

மருந்து இல்லாத இடத்தில் மனிதன் காற்றையும், வெயிலையும், ஓய்வையும், உணவையும் நம்பினான். நோயாளியை நகரத்து நெரிசலிலிருந்து பிரித்து, மலை மேலோ காட்டுக்குள்ளோ கொண்டுபோய், மாதக் கணக்காக, சில வேளை வருஷக் கணக்காக, திறந்த வெளியில் படுக்க வைத்தால் அவனுடைய உடம்பே நோயை எதிர்த்து நிற்கும் வலிமையைப் பெறும் என்பது அக்காலத்து வைத்தியர்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையின் பேரில் எழுந்தவையே சானடோரியங்கள். வேவர்லி மலையில் 1910-ஆம் ஆண்டு ஜூலை மாதம் திறக்கப்பட்டது இரண்டு மாடி மரக் கட்டடம். நாற்பது ஐம்பது பேருக்குத்தான் அதில் இடம் இருந்தது. நோயாளிகள் பெருகிக்கொண்டே போனதால், 1924-இல் வேலையைத் தொடங்கி, 1926-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், நானூறு பேருக்கு மேல் தங்கக்கூடிய ஐந்து மாடிச் செங்கல் மாளிகையை எழுப்பினார்கள். இன்று நிற்பது அதுதான்.

அந்த மாளிகையின் அமைப்பைக் கவனியுங்கள். நேர்க்கோடாக இல்லாமல், சிறகு விரித்த வௌவாலைப் போல வளைந்திருக்கிறது. வெயிலையும் காற்றையும் கூடிய மட்டும் வாங்கிக்கொள்வதற்காகவே அப்படிக் கட்டினார்கள். மாடிகளில் கட்டடத்தின் நீளத்துக்கு அகலமான தாழ்வாரங்கள் ஓடுகின்றன. நம் ஊர்த் திண்ணையை அடுக்கடுக்காக மேலே மேலே வைத்தாற்போல. நோயாளியின் அறையிலிருந்து கட்டிலை அப்படியே உருட்டிக்கொண்டு வந்து தாழ்வாரத்தில் விடலாம். கோடையில் மட்டும் அல்ல. பனி பெய்யும் காலத்திலும்.

இதைத்தான் நான் பார்க்க விரும்பினேன்.

உள்ளே நுழைந்தபோது முதலில் மனத்தில் பட்டது இருட்டு அல்ல, நீளம். கையிலிருந்த டார்ச்சின் ஒளி நடைவழியின் பாதியைக்கூட எட்டவில்லை. இரு புறமும் கதவில்லாத அறைகள். சுவர்களில் அடுக்கடுக்காக உரிந்து தொங்கும் வர்ணம். அதன் மேல் யார் யாரோ எக்காலத்திலோ கிறுக்கிவிட்டுப் போன பெயர்கள். வழிகாட்டியாக வந்த பெண்மணி நிதானமாகவும் மரியாதையாகவும் பேசினார். எந்த அறையில் எந்தக் கதை சொல்லப்படுகிறது என்பதைக் கதை என்றே குறிப்பிட்டுச் சொன்னார். குழுவில் வந்தவர்களோ, ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு, நிழல்களைக் கைப்பேசியில் படம் பிடிப்பதிலேயே முனைந்திருந்தார்கள்.

"அங்கிள், லைட்டை அணைச்சுடலாமா? இருட்டுல எப்படி இருக்குன்னு பார்க்கலாம்" என்றான் பையன்.

"அணைக்கலாம். ஆனா இங்க வேண்டாம். வெளித் தாழ்வாரத்துக்குப் போய் அணைக்கலாம் வா" என்றேன்.

மூன்றாவது மாடித் தாழ்வாரத்தில் விளக்கை அணைத்துவிட்டு நின்றோம். தடுப்பு ஒன்றும் இல்லாத பெரிய பெரிய திறப்புகளின் வழியே காற்று நேராக உள்ளே பாய்ந்தது. கீழே மரங்களின் கருமை. அதற்கப்பால் நகரத்து விளக்குகள். குளிர்காலம் இன்னும் பிறக்கவே இல்லை. தடித்த மேலங்கியும் அணிந்திருந்தேன். அப்படியும் சிறிது நேரத்திற்குள் விரல்கள் மரத்துப் போயின. இதே இடத்தில், மார்கழி தை மாதத்து உறைபனியில், கம்பளிகளுக்குள் உடம்பைப் புதைத்துக்கொண்டு, முகத்தை மாத்திரம் வெளியே காட்டியவாறு, இருமலை அடக்கிக்கொண்டு, எழுந்து நடப்பதும்கூடத் தகாதென்று வைத்தியர் விதித்திருந்தபடியால் அசையாமல், ஊரிலே விட்டு வந்த குழந்தையின் ஞாபகமாகவே படுத்திருந்த ஒரு தாயை நினைத்துப் பார்த்தேன். போர்வையின் மேல் பனி படிந்திருக்கப் படுத்திருக்கும் நோயாளிகளின் புகைப்படங்கள் அந்தக் காலத்துச் சானடோரியங்களிலிருந்து நமக்குக் கிடைத்திருக்கின்றன. அந்த முகங்களிலே அநேகம் சிரித்துக்கொண்டிருக்கும். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

(இங்கே சிறிது வழி விலகிப் போக அனுமதியுங்கள். இந்தக் குளிர்க்காற்றுச் சிகிச்சை நமக்கு அந்நியமான சங்கதி அல்ல. கணித மேதை ராமானுஜன் 1917-இல் இங்கிலாந்தில் நோய்வாய்ப்பட்டபோது க்ஷயரோகம் என்றே கருதி அவரைச் சானடோரியங்களில் வைத்தார்கள். அவற்றில் ஒன்று, நம் நாட்டு வைத்தியரான டாக்டர் சௌரிமுத்து அவர்கள் மெண்டிப் குன்றுகளில் நடத்திவந்த விடுதி. ராமானுஜனுக்கு வந்தது க்ஷயம்தானா என்று பிற்காலத்து வைத்தியர்கள் சந்தேகப்படுகிறார்கள். அப்படியானால் கும்பகோணத்து வெயிலில் வளர்ந்த அந்த உடம்பு வீணாகக் குளிரில் வாடியிருக்கிறது. அதே டாக்டர் சௌரிமுத்து தாயகம் திரும்பி, 1928-இல் தாம்பரத்துக்கு அருகே பச்சைமலைச் சாரலில் ஒரு சானடோரியத்தை நிறுவினார். மின்சார ரயிலில் 'தாம்பரம் சானடோரியம்' நிலையத்தைத் தினந்தோறும் கடந்து போகிறவர்களில் எத்தனை பேர் இந்தப் பெரியவரை நினைக்கிறார்கள்?)

திரும்பவும் வேவர்லிக்கு வருவோம்.

காற்றும் வெயிலும் பயனளிக்காதபோது வைத்தியர்கள் கத்தியை எடுத்தார்கள். நோயுற்ற நுரையீரலுக்கு ஓய்வு கொடுப்பதற்காக, மார்புக் கூட்டுக்குள் காற்றைச் செலுத்தி அதைச் சுருங்க வைப்பது ஒரு முறை. விலா எலும்புகளையே பலவாக அகற்றி, மார்பை உள்ளே அமுங்கச் செய்து, நுரையீரலை நிரந்தரமாக மடக்கி வைப்பது மற்றொரு முறை. கேட்கும்போதே நெஞ்சு பதறுகிறதல்லவா? தொலைக்காட்சியில் வரும் பேய்வேட்டை நிகழ்ச்சிகள் இவற்றைச் சித்திரவதை என்பதாக வர்ணிக்கின்றன. அப்படிச் சொல்வது அநியாயம் என்பது என் எண்ணம். தங்கள் கண் முன்னால் வாலிபர்கள் சாரி சாரியாகச் சாவதைப் பார்த்துக்கொண்டு, கையிலே மருந்து ஒன்றும் இல்லாமல், தெரிந்த எதையாவது செய்து ஓர் உயிரையேனும் மீட்டுவிட முடியாதா என்று துடித்தவர்கள் அவர்கள். அந்த ஆஸ்பத்திரியில் பணி செய்வது என்பதே நோயை வலிய அழைப்பதாகும். அதைத் தெரிந்துகொண்டே பணி செய்தார்கள்.

சுரங்க வழிக்கு வருவோம். எல்லோரும் அதற்காகத்தான் காத்திருப்பீர்கள்.

மலையுச்சியிலிருந்து அடிவாரம் வரையில், சுமார் ஐந்நூறு அடி நீளத்துக்குக் காங்க்ரீட்டினால் ஆன ஒரு சுரங்கப் பாதை சரிந்து இறங்குகிறது. குளிர்காலத்தில் வேலைக்காரர்கள் ஏறி வருவதற்கும், சாமான்களை மேலே கொண்டுவருவதற்கும் அதை உபயோகித்தார்கள். ஒரு பக்கம் படிகள், மறு பக்கம் வண்டியைக் கயிற்றால் இழுக்கும் தடம். நோய் உச்சத்தில் இருந்த காலத்தில் இறந்தவர்களின் உடல்களையும் இதன் வழியேதான் கீழே அனுப்பினார்கள். இந்த ஒரு செய்தியை வைத்துக்கொண்டு எத்தனை பயங்கரக் கற்பனைகள்! ஆனால் அதன் காரணத்தை யோசித்தால் பயம் போய்க் கருணையே மிஞ்சும். தாழ்வாரத்திலே படுத்திருக்கும் நோயாளிகள், நேற்றுவரை அடுத்த கட்டிலில் இருந்தவரை இன்றைக்கு வண்டியிலேற்றிக் கொண்டுபோவதைப் பார்த்தால் மனமொடிந்து போவார்கள். மனமொடிந்தவன் பிழைப்பது கடினம். ஆகவே சாவை அவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தார்கள். அவ்வளவே. பிழைக்க வேண்டியவர்களின் நம்பிக்கையைக் காப்பதற்கு ஏற்பட்ட வழி அது.

நானும் பையனும் சுரங்கத்தின் உள்ளே சிறிது தூரம் நடந்தோம். ஈரச் சுவர். அடிச்சத்தம் இரட்டித்துக் கேட்டது. அவன் மெதுவாக, "இங்க அறுபத்து மூவாயிரம் பேர் செத்தாங்களாமே அங்கிள்?" என்றான்.

இந்த 63,000 என்ற கணக்கு எங்கும் பரவியிருக்கிறது. இதை நான் முன்பே வாசித்து, ஐயம் கொண்டு, காகிதத்திலே கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன். அந்த ஆஸ்பத்திரியில் உதவித் தலைமை வைத்தியராக இருந்த டாக்டர் ஸ்டூவர்ட் எழுதி வைத்திருப்பதன்படி, ஒரே ஆண்டில் மிக அதிகமாக நேர்ந்த மரணங்கள் 152. அதுவும் இரண்டாம் உலக யுத்தம் முடிந்து, முற்றிய நோயோடு சிப்பாய்கள் திரும்பிவந்த சமயத்தில். ஆஸ்பத்திரி நடந்ததோ 1910 முதல் 1961 வரை, 51 ஆண்டுகள். எல்லா ஆண்டுகளும் அந்த மிகக் கொடிய ஆண்டைப் போலவே இருந்தன என்று வைத்துக்கொண்டாலும்கூட, 51 பெருக்கல் 152, மொத்தம் 7,752. எண்ணாயிரத்தைக்கூடத் தொடவில்லை! இருட்டிலேயே விரல் விட்டு எண்ணி அவனுக்கு இதை விளக்கினேன்.

"அப்ப அது பொய்யா?"

"பொய்தான். ஆனா ஏழாயிரம்னாலும் கொஞ்சமா தம்பி?"

அவன் பதில் சொல்லவில்லை. எனக்கு அது நல்ல அடையாளமாகத் தோன்றிற்று. இறந்தவர்களின் எண்ணிக்கையை ஏழெட்டு மடங்காகப் பெருக்கிச் சொல்வது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஒவ்வொருவரும் ஒரு குடும்பத்தின் மகனாக, மகளாக, தாயாக இருந்தவர் என்பது அந்தப் பெருங்கணக்கில் மறைந்துபோகிறது.

சரி, இனி நான் உண்மையாகச் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். இந்த ஆஸ்பத்திரி காலியானது எப்படி?

யுத்தத்தால் அல்ல. பணமுடையால் அல்ல. சாபத்தால் அல்ல.

1943-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், நியூ ஜெர்ஸி மாநிலத்து ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் நிலவறை ஆய்வுக்கூடம் ஒன்றில், வாக்ஸ்மன் என்ற பேராசிரியரின் கீழே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஆல்பர்ட் ஷாட்ஸ் என்னும் இளைஞர், மண்ணிலே வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார். காலடி மண்ணில்! எத்தனை தலைமுறைகள் எந்த மண்ணிலே புதைக்கப்பட்டனவோ, அந்த மண்ணிலேயே மருந்தும் இருந்திருக்கிறது. அந்த மருந்தைத் தனியாகக் கொடுத்தால் கிருமி விரைவில் அதற்கு அஞ்சாமல் பழகிக்கொள்கிறது என்ற உண்மை அடுத்த சில ஆண்டுகளில் புலப்பட்டது. பாஸ் என்ற மருந்து ஸ்வீடனிலிருந்து வந்தது. 1952-இல் ஐசோநயாஸிட் வந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோது, அதுவரையில் எமனுக்கு எழுதிக்கொடுத்த பத்திரம் என்று கருதப்பட்ட நோய், மாத்திரைக்குக் கட்டுப்படும் வியாதியாக மாறிற்று. கட்டில்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. 1961-இல் வேவர்லி ஹில்ஸ் மூடப்பட்டது. எஞ்சியிருந்த நோயாளிகளை வேறோர் ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள்.

அதாவது, நோயாளிகள் வருவது நின்றதனால் ஆஸ்பத்திரி நின்றது.

இதைவிட மகத்தான காரணத்துக்காக ஒரு கட்டடம் கைவிடப்பட முடியுமா? கோட்டைகள் தோல்வியினால் பாழாகின்றன. அரண்மனைகள் வமிசம் அற்றுப்போவதால் பாழாகின்றன. இந்த மாளிகையோ ஜயத்தினால் பாழாயிற்று. அங்கே உடைந்து கிடக்கும் ஒவ்வொரு ஜன்னலும், "இனி நான் வேண்டியதில்லை" என்று சொல்கிறது. இதற்குப் பயப்படுவதா? கைகூப்பி நிற்க வேண்டிய இடம் அல்லவா இது?

இந்த ஜயத்தில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. அதைச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே மார்பு விம்முகிறது.

மருந்துகள் வந்துவிட்டபோதிலும், நோயாளியைச் சானடோரியத்தில் வைத்துத்தான் மருந்து கொடுக்க வேண்டும், நல்ல காற்றும் போஷாக்கான ஆகாரமும் பூரண ஓய்வும் இல்லாமல் மருந்து வேலை செய்யாது என்பது உலகமெங்கும் வேரூன்றியிருந்த கொள்கை. லட்சக்கணக்கான நோயாளிகளும் சொற்பமான படுக்கைகளும் உள்ள நம்மைப் போன்ற தேசங்களுக்கு அது சாவுத் தீர்ப்புக்குச் சமானம். 1956-ஆம் ஆண்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும், சென்னை ராஜ்ய அரசாங்கமும், உலக சுகாதார ஸ்தாபனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் கூடி, சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கின. அதன் முதல் தலைவர் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ். சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் இருநூறுக்குச் சற்றுக் குறைந்தவர்களை, எவருடைய விருப்பு வெறுப்புக்கும் இடமில்லாத முறையில் இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சானடோரியத்தில் நல்ல உணவோடும் ஓய்வோடும் சிகிச்சை. மற்றொரு பிரிவுக்கு அவரவர் வீட்டிலேயே, நெருக்கடியான குடிசையிலும் ஒண்டுக்குடித்தனத்திலும், கிடைத்த கஞ்சியைக் குடித்துக்கொண்டு, அதே மருந்து ஓர் ஆண்டுக்கு.

விடை 1959-இல் வெளிவந்தது. இரண்டு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தார்கள்! அது மாத்திரம் அல்ல. வீட்டில் வைத்துச் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாரைத் தொடர்ந்து பல ஆண்டுகள் கவனித்தபோது, சானடோரியத்துக்குப் போனவர்களின் குடும்பத்தாரைவிட அவர்களுக்கு நோய் அதிகமாகத் தொற்றவில்லை என்பதும் தெளிவாயிற்று. மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் போதும். மலை வேண்டாம், தாழ்வாரம் வேண்டாம், குழந்தையைப் பிரிந்து தாய் பனியில் படுக்க வேண்டாம். சென்னைக் குடிசைகளில் நிரூபிக்கப்பட்ட இந்த உண்மை, செல்வ நாடுகளின் சானடோரியக் கதவுகளையும் சாத்துவதற்குத் துணைசெய்தது. சேத்துப்பட்டு நிலையம் இன்றும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரோடு பணி செய்துகொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்.

(அந்த ஆராய்ச்சிக்குத் தங்கள் உடம்பை ஒப்படைத்த சென்னை ஏழைகளுக்கு எங்கே சிலை இருக்கிறது? எனக்குத் தெரிந்து இல்லை. இருக்க வேண்டும்.)

வேவர்லியின் பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூடிய மறு ஆண்டே முதியோருக்கான மருத்துவ விடுதியாகத் திறக்கப்பட்டது; 1982-இல் அதையும் அரசாங்கம் மூடிவிட்டது. பின்னர் சிறைச்சாலையாக்க ஒருவர் திட்டமிட்டார், அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள். வேறொருவர் அந்த இடத்தில் உலகத்திலேயே மிக உயரமான ஏசுநாதர் சிலையை எழுப்ப நிதி திரட்டிப் பார்த்தார், பணம் சேரவில்லை. ஜன்னல்கள் உடைந்தன, மழை உள்ளே புகுந்தது, இளைஞர்கள் இரவில் வேலி தாண்டி வந்து பயப்பட்டுப் போனார்கள், கதைகள் வளர்ந்தன. பேய்கள் குடியேறியது, நோயாளிகள் வெளியேறி வெகு காலத்துக்குப் பிறகுதான் என்பதைக் கவனியுங்கள். நோயின் உண்மையான பயத்தை மறந்துபோன ஒரு தலைமுறைக்கு, விளையாட்டுக்குப் பயப்பட ஏதாவது ஒன்று தேவைப்படுகிறது போலும். நோயை அறியாததால் வந்த அந்தப் பாக்கியத்தை நான் பழிக்கவில்லை. அது பாக்கியம் என்பதை அவர்கள் அறிந்தால் போதும்.

ஆனால் நமக்கு, நம் தேசத்துக்கு, அந்தப் பாக்கியம் இன்னும் வரவில்லை.

என் பாட்டனாரின் தம்பி ஒருவர் இளம் வயதிலேயே இந்த நோயால் காலமானார். கொல்லைப்புறத்து அறையில் அவரைத் தனியாக வைத்திருந்ததையும், அவருடைய தட்டையும் தம்ளரையும் வேறாகக் கழுவிவைத்ததையும், ஊராரிடம் 'ஆஸ்த்மா' என்று சொல்லி மறைத்ததையும் என் பாட்டி தாழ்ந்த குரலில் சொல்லக் கேட்டிருக்கிறேன். நம் சிறுகதை இலக்கியத்தின் சிகரமாக விளங்கிய புதுமைப்பித்தனை இதே நோய் 1948-இல், நாற்பத்திரண்டு வயதில், கொண்டுபோயிற்று; ரட்கர்ஸ் ஆய்வுக்கூடத்தில் மருந்து பிறந்து ஐந்தாண்டுகள்கூட ஆகவில்லை. மருந்து கண்டுபிடிக்கப்படுவது ஒன்று. அது வேண்டியவனிடம் வேளைக்கு வந்து சேர்வது வேறொன்று. இடையிலே இருக்கும் தூரத்தில்தான் மனிதர்கள் மடிகிறார்கள்.

அந்தத் தூரம் இன்றும் முழுவதும் கடக்கப்படவில்லை. 2023-ஆம் ஆண்டில் உலகத்தில் ஒரு கோடிப் பேருக்கு மேல் காசநோயால் பாதிக்கப்பட்டார்கள், பன்னிரண்டு லட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. நோயுற்றவர்களில் நாலில் ஒருவர் இந்தியர். குணப்படுத்தக்கூடிய வியாதியால், மாத்திரை இலவசமாகக் கிடைக்கும் நாட்டில், இத்தனை பேர்! வேவர்லித் தாழ்வாரத்திலே பனியில் படுத்திருந்தவர்கள் இந்த மாத்திரைக்காக எதைத்தான் கொடுத்திருக்கமாட்டார்கள்?

திரும்பி வரும்போது காரிலே பையன் நெடுநேரம் மௌனமாய் இருந்தான். பிறகு, "எங்க காலேஜ்ல ஒருத்தனுக்கு டி.பி. வந்துச்சு அங்கிள். ஊருக்குப் போய்ட்டான். யாருமே அவன்கிட்ட பேசல" என்றான்.

"நீ பேசினியா?"

"இல்ல. நாளைக்குப் பேசுறேன்."

அந்த இரவுப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பேறு இந்த ஒரு வாக்கியம் என்றே சொல்வேன்.

ஆகையால், இதுவரை பொறுமையாய்ப் படித்து வந்த உங்களிடம் உரிமையோடு வேண்டிக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலோ, அண்டையிலோ, உங்களிடம் வேலை செய்பவர்களிடமோ, இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும், மாலைக் காய்ச்சலும், காரணமில்லாத இளைப்பும் கண்டால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய்ச் சளிப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள், காசு செலவில்லை. நோய் இருப்பது தெரிந்தால், வழக்கமான காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை. இரண்டு மாதத்திலேயே உடம்பு தேறிவிட்டதென்று மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறவர்கள் ஏராளம். அங்கேதான் மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகிறது. ஆகவே முழுக் காலமும் உட்கொள்ளும்படி பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக அரசாங்கம் மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறது. அதைக் கேட்டு வாங்கிக்கொடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளியோடு பேசுங்கள். தனித் தட்டு வேண்டியதில்லை. கொல்லைப்புறத்து அறை வேண்டியதில்லை. ஊராரிடம் ஆஸ்த்மா என்று மறைக்க வேண்டியதும் இல்லை. இந்த நோய் வந்தது எவருடைய குற்றமும் அல்ல. குணமாகாமல் விட்டால் அது நம் எல்லோருடைய குற்றம்.

நம் நாட்டிலும் காசநோய் வார்டுகள் நோயாளி இல்லாமையால் ஒவ்வொன்றாகப் பூட்டப்படும் நாள் வர வேண்டும். மருந்து இருக்கிறது, வழி நம் ஊரிலேயே கண்டுபிடிக்கப்பட்டது, மிச்சம் இருக்கும் வேலை நம்முடையது.